சிவப்பு அட்டையில் பிரசாந்தின் பெயர்

ஜம்பட்டா வீதி,
கொழும்பு 13.
21.01.2024

அன்புள்ள தங்கச்சி யூஜினாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் மாக்ரெட்டும் நல்ல சுகம். மலைக் குளிரில் உன் சளி மாறிவிட்டதா? மாக்ரெட் ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறாள். சாம்பல் நிறம். கன்னியர் மடத்தில் வேறு நிறம் விடமாட்டார்கள் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

கைபேசி இல்லாத மடமாகப் பார்த்து நீ போய்ச் சேர்ந்தபடியால்தான் எனக்கு இன்னும் பேனை பிடிக்கத் தெரிகிறது. வேலையிடத்தில் சிரிக்கிறார்கள். “உன்ரை தங்கச்சி எந்த நூற்றாண்டிலை இருக்கிறா?” என்று பிரசாந் கேட்டான். அவனை உனக்கு ஞாபகம் இருக்கும். என் கல்யாணத்துக்கு வேட்டியோடு வந்து, கோட் போட்ட நம் ஆட்களுக்கு நடுவில் தனியாகத் தெரிந்த வெள்ளவத்தைக்காரன். ஒன்பது வருடமாக ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறோம்.

ஒரு நல்ல செய்தி. இரண்டாவது வகை விமானத்தைத் திருத்தவும் எனக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இந்த ஒன்பது வருடத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு பிழையும் பதிவாகவில்லை. கிளைவ் கை வைத்த விமானத்தைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை என்று எங்கள் பொறுப்பாளர் மீரா சாஹிப் எல்லோருக்கும் சொல்கிறார். பெருமைக்கு எழுதவில்லை. சரி, பெருமைக்குத்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது?

உன் இறுதித் துறவற வாக்குத்தத்தம் எப்போது என்று அறிவி. லீவு எடுக்க வேண்டும்.

அன்பு அண்ணா,
கிளைவ்

*

பண்டாரவளை
04.02.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் கம்பளிச் சட்டையும் வந்தன. சளி போய்விட்டது. சட்டை இரண்டு பேர் போடலாம். அண்ணி என்னை எந்த அளவில் நினைத்து வைத்திருக்கிறா என்று தெரியவில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்காகவும் தினமும் மன்றாடுகிறேன்.

லைசன்ஸ் செய்தியைச் சாப்பாட்டு நேரத்தில் மற்றச் சகோதரிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். “பெருமைக்குத்தான் எழுதுகிறேன்” என்ற இடத்தில் மடத் தலைவியே சிரித்துவிட்டா.

வாக்குத்தத்தம் ஓகஸ்ட் பதினைந்து. நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். ஆனாலும் வாருங்கள்.

இன்னொன்று. பதினான்காம் திகதி தவக்காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறான பாஸ்கா வரைக்கும் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாசிப்பதுமில்லை. நீங்கள் எழுதலாம். எல்லாம் மடத் தலைவியின் மேசை லாச்சியில் காத்திருக்கும். பாஸ்காவன்று ஒன்றாகத் தருவா. என் பதில் வரவில்லையென்று கோபிக்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
யூஜினா

*

கொழும்பு 13
25.02.2024

அன்புள்ள யூஜினாவுக்கு,

நீ இதைப் பாஸ்காவன்றுதான் வாசிப்பாய் என்று தெரியும். ஆனாலும் இன்றே எழுதுகிறேன். முதலில், நான் சுகம். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு விமானம் திருத்தும் எங்கள் ஹாங்கரில் ஒரு விபத்து. பிரசாந்துக்கு வலது கை தோளிலிருந்து நசுங்கிவிட்டது. நான்கு விலா எலும்பும் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே சக்கரங்கள் மடிந்து போகும் குழி இருக்கிறது. அதற்குக் கதவு உண்டு. கதவைத் திறந்து வைத்து உள்ளே வேலை செய்யும்போது இரண்டு காவல். ஒன்று, கதவின் கைக்கு மாட்டும் இரும்பு லொக். மற்றது, மேலே கொக்பிட்டில் ஹைட்ரோலிக் பம்பின் சுவிட்சில் தொங்கும் சிவப்பு அட்டை. வேலை செய்பவன் தன் பெயரையும் நேரத்தையும் எழுதித் தொங்கவிட வேண்டும். பம்பைப் போட்டால் அழுத்தம் வந்து கதவு மூடிக்கொள்ளும். அதன் வேகத்துக்கு மனிதன் ஒன்றுமே இல்லை.

பிரசாந் அந்தக் குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தான். நான் கொக்பிட்டில் பிரேக் சோதனைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அன்று பின்னேரமே விமானம் வெளியே போக வேண்டும், எல்லோருக்கும் அவசரம். லொக் கழற்றப்பட்டிருந்தது. சுவிட்சில் அட்டை இருக்கவில்லை. பம்ப் போடப்பட்டது. கதவு மூடியது.

கீழே எங்களோடு வேலை செய்யும் டில்ஷானி சிங்களத்தில் கத்தியது எனக்கு மேலே கேட்டது. நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திரும்பத் திறக்க வைத்தேன். நான்தான் அவனைத் தூக்கினேன். ராகமை ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மற்றக் கையைப் பிடித்தபடி இருந்தேன். அந்த நேரத்தில் கை நடுங்காதவன் நான் ஒருவன்தான் என்று மீரா சாஹிப் எல்லோர் முன்னும் சொன்னார்.

பிரசாந்துக்காக மன்றாடு. அவன் மனைவி மயூரிக்காகவும்.

அன்பு அண்ணா,
கிளைவ்

*

கொழும்பு 13
17.03.2024

அன்புள்ள யூஜினாவுக்கு,

நாங்கள் சுகம். மாக்ரெட்டுக்குக் கொஞ்சம் தலையிடி, வேறொன்றுமில்லை. இங்கே வெயில் தாங்க முடியவில்லை.

விசாரணையின் முதல் அறிக்கை வந்துவிட்டது. லொக்கைக் கழற்றிய பிறகும் பிரசாந் குழிக்குள் கை விட்டிருக்கிறான். அட்டை எங்கேயும் கிடைக்கவில்லை, ஆகவே அவன் அட்டை போடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அட்டை இல்லாத சுவிட்சைப் போட்டவனில் குற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நீ யோசிக்காதே. இறுதி விசாரணை ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி. அதோடு பிரசாந்தின் லைசன்ஸ் போய்விடும் போல. பாவம்தான். ஆனால் கடதாசியில் இருப்பதை நான் மாற்ற முடியாதே.

அவனுக்கு இரண்டாவது ஒப்பரேஷனும் முடிந்தது. கை இருக்கும், ஆனால் தோளுக்கு மேலே தூக்க முடியாதாம். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்தேன். ஷிஃப்ட் சரிவரவில்லை.

அன்பு அண்ணா,
கிளைவ்

*

கொழும்பு 13
22.03.2024

அன்பான யூஜினா,

சுகமாக இருக்கிறீரா? இது உம்முடைய அண்ணாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். பதிலை என் ஒபிஸ் விலாசத்துக்கு அனுப்பும். கீழே எழுதியிருக்கிறேன்.

விபத்து நடந்த அன்று அவர் வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்ட சட்டையில் இரத்தம் இருந்தது. ஊறவைக்க முதல் பையைப் பார்த்தேன். உள்ளே ஒரு சிவப்பு அட்டை, பிளாஸ்டிக் போட்டது. ‘தொடாதே’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. கீழே பேனையால் பிரசாந்தின் பெயர். 20.02, காலை 9.10.

அது என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். அடுத்த நாள் அவர் சட்டையைத் தேடினார், கூடையைக் கவிழ்த்தார், வோஷிங் மெஷினுக்குள் கை விட்டுப் பார்த்தார். “என்ன தேடுறீங்க?” என்று கேட்டேன். “ஒண்டுமில்லை” என்றார். அந்த ஒரு சொல்லோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு விளங்குகிறது.

மயூரி நேற்று ஃபோன் எடுத்து அழுதா. நான் என்ன செய்ய வேண்டும்?

அண்ணி,
மாக்ரெட்

*

பண்டாரவளை
02.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு. நான் சுகம். உங்கள் கடிதங்கள் இரண்டும் பாஸ்காவன்று காலையில் கைக்கு வந்தன. பிரசாந் அண்ணாவுக்காக மடம் முழுவதும் மன்றாடுகிறது.

புதுக்கடையில் நீதிமன்றத்துக்கு ஐந்து வருடம் வாக்குமூலம் தட்டச்சு செய்தவள் நான். அந்தப் பழக்கம் போகாது. உங்கள் முதல் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ‘நான்தான் ஓடினேன், நான்தான் தூக்கினேன், கையைப் பிடித்தேன்.’ அங்கெல்லாம் ஆள் இருக்கிறது. ‘அட்டை இருக்கவில்லை, பம்ப் போடப்பட்டது.’ அங்கே மட்டும் ஆளைக் காணவில்லை. புதுக்கடையில் சாட்சி இப்படிச் சொன்னால் நீதவான் தலையை நிமிர்த்தி, “ஆர் போட்டது?” என்று கேட்பார். நான் தட்டச்சை நிறுத்தி விரலைத் தூக்கி வைத்திருப்பேன், பதில் வரும் வரைக்கும்.

அட்டைக்குக் கால் இல்லை அண்ணா.

நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். பதில் போக வேண்டிய இடம் பண்டாரவளை இல்லை.

பயப்படுகிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நேராக எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சி,
யூஜினா

*

பண்டாரவளை
02.04.2024

அன்பான அண்ணிக்கு,

நீங்கள் சுகமா? தலையிடி மாறியதா?

அதை எரிக்க வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள். இருபத்தைந்தாம் திகதி காலையில் அவர் போடும் சட்டையின் பைக்குள். வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர் பாடு.

யூஜினா

*

கொழும்பு 13
10.04.2024

யூஜினாவுக்கு,

நாங்கள் சுகம்.

நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு எழுதுவது லேசு. இங்கே லைசன்ஸ் போனால் திரும்பி வராது. வீடு இருக்கிறது, மாக்ரெட் இருக்கிறாள். நீ பேசும் நீதிமன்றத்தில் நான் நிற்கவில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

கிளைவ்

*

கொழும்பு 13
28.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்கு மன்னிப்பு. உன் சுகத்தைக்கூட நான் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்கிறேன்: எப்படி இருக்கிறாய்?

வியாழக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் மாக்ரெட் இடியப்பமும் சொதியும் வைத்தாள். தேய்த்த சட்டையை எடுத்துத் தந்தாள். வழமை போல எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வந்தது. வத்தளை தாண்டும்போது எதையோ குறிக்கப் பேனை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். கையில் அந்தச் சிவப்பு அட்டை வந்தது.

இரண்டு மாதமாக அது எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். தொலைந்தது நல்லது என்றும் நினைத்திருந்தேன். இப்போது கழுவித் தேய்த்த சட்டைக்குள் இருக்கிறது. அப்படியானால் இடியப்பம் பரிமாறிய நேரமெல்லாம் மாக்ரெட்டுக்குத் தெரியும். வானுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்தவன், “ஏசியைக் கூட்டச் சொல்லட்டா?” என்று கேட்டான்.

கட்டுநாயக்கா போய்ச் சேரும்போது நான் முடிவெடுத்துவிட்டேன். ஒருமுறை முடிவெடுத்தால் எனக்குக் கை நடுங்காது, உனக்குத் தெரியும்தானே.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். வெளியிலிருந்து வந்த அதிகாரி நடுவில். இந்தப் பக்கம் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி பிரசாந். என் முறை வந்ததும் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். உன் நீதவானுக்குச் சொல்வது போலச் சொன்னேன். “இந்த அட்டை சுவிட்சில இருந்தது. பிரசாந் போட்டது. கழற்றினது நான். பம்ப் போட்டதும் நான்.”

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“என்ரை பைக்குள்ளை” என்றேன்.

மிச்சத்தையும் சொன்னேன். வேலை முடிந்து விட்டது என்று ரேடியோவில் கேட்டது. அட்டையைப் போட்டவன்தான் கழற்ற வேண்டும் என்ற சட்டம் எனக்குத் தெரியும். ஹெட்செட்டில் கீழே ஆளிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதும் தெரியும். ஒன்பது வருடம் பிழை விடாதவனுக்கு ஒரு தரம் கேட்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான் யூஜினா. வேறு காரணம் ஒன்றுமில்லை. வேலை முடிந்ததென்று பிரசாந் லொக்கைக் கழற்றியது உண்மைதான். பிறகு ஆயுதப் பெட்டியிலுள்ள கருவிகளை எண்ணியிருக்கிறான், ஒரு ஸ்பனர் குறைந்திருக்கிறது. அதை எடுக்கத்தான் கையை விட்டிருக்கிறான். மேலே தன் அட்டை தொங்குகிறது என்ற நம்பிக்கையில்.

நான் முடித்ததும் மீரா சாஹிப் எழும்பினார். “முடிஞ்சுதெண்டு ரேடியோவில சொன்னது நான். கீழ போய்ப் பார்க்கல்ல. அதையும் எழுதுங்க” என்றார்.

பிரசாந் என்னைப் பார்க்கவேயில்லை. அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மேலிருந்த குற்றத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். என் லைசன்ஸ் ஒன்பது மாதத்துக்கு நிறுத்தம். அதன் பிறகு செய்முறைப் பரீட்சை. தேறினால் ஆறு மாதம் ஒருவரின் மேற்பார்வையில் வேலை. என்னை வேலையிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதே பெரிது.

வீட்டுக்கு வந்து மாக்ரெட்டிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு நிறைய நேரம் அழுதாள்.

அன்பு அண்ணா,
கிளைவ்

*

பண்டாரவளை
16.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கடிதத்தை இந்த முறை ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. தனியாக வைத்திருந்தேன். விசாரணையில் நீங்கள் சொன்ன அந்த நான்கு வசனங்களில் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்கு இடமில்லை.

பிரசாந் அண்ணாவைப் போய்ப் பார்த்தீர்களா? அண்ணிக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கச்சி,
யூஜினா

*

கொழும்பு 13
09.06.2024

அன்புள்ள யூஜினாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். லைசன்ஸ் திரும்பும் வரைக்கும் முகத்துவாரத்தில் படகு எஞ்சின் திருத்துகிறேன். மீன் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது என்று மாக்ரெட்டுக்குக் கோபம். ஆனால் வேலை பிடித்திருக்கிறது. கெட்டுப்போன எஞ்சின் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

வெள்ளவத்தைக்குப் போனேன். ஹம்டன் லேனில் மூன்றாம் மாடி. மயூரி கதவைத் திறந்து, கதிரையைக் காட்டி, தேத்தண்ணியும் வைத்தா. பிரசாந் உள்ளறையில் இருந்தான். வெளியே வரவில்லை. நான் கதிரையில் இருந்தபடியே, “பிரசாந், மன்னிச்சுக்கொள்” என்றேன்.

உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

“கையை நான் கணக்கிலை எடுக்கேல்லை கிளைவ். கை போறது இந்த வேலையிலை நடக்கிறதுதான். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரிக் கட்டில்லை கிடந்து நான் என்ன யோசிச்சனான் தெரியுமோ? நான் உண்மையிலை அட்டை போட்டனானோ எண்டு. எல்லாரும் போடேல்லை போடேல்லை எண்டு சொல்ல, கடைசியிலை எனக்கே சந்தேகம் வந்திட்டுது. மயூரியிட்டையும் சொல்லிப்போட்டன், நான்தான் மறந்திட்டன் போலை எண்டு. அது உன்ரை பைக்குள்ளை இருந்திருக்கு.”

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்ப மனம் வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை. மயூரிதான், “நீங்கள் போயிட்டு வாங்கோ” என்றா. மரியாதையாகத்தான் சொன்னா.

லைசன்ஸ் போகும் என்றுதான் இவ்வளவு நாளும் பயந்தேன். அவனிடமிருந்து நான் எடுத்தது எது என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது.

ஓகஸ்ட்டில் வருவோம்.

கிளைவ்

*

பண்டாரவளை
25.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வீடு போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மலைப் பாதையில் அண்ணிக்கு வந்த வாந்தி அதோடு நின்றதா?

நான் வாக்குத்தத்தத்தை வாசித்தபோது கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ பலமாக மூக்குச் சிந்திய சத்தம் கேட்டது. மற்றச் சகோதரிகள் அண்ணி என்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கதைத்தோம். படகு எஞ்சின், கொட்டாஞ்சேனையில் புதிதாக வந்த கடை, தேங்காய் விலை எல்லாம் கதைத்தீர்கள் அண்ணா. பிரசாந் என்ற பெயர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கூப்பிடும்வரை நீங்கள் போகாமல் இருப்பதும் சரிதான் என்று எனக்குப் படுகிறது.

அன்புடன்,
யூஜினா

*

கொழும்பு 13
16.02.2025

அன்புள்ள தங்கச்சி யூஜினாவுக்கு,

டிசம்பரில் வந்த உன் நத்தார் வாழ்த்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இந்தப் பரீட்சை முடியும் வரைக்கும் பேனையைத் தொடுவதில்லை என்று இருந்தேன். நீ சுகமாக இருக்கிறாய்தானே? நாங்கள் இருவரும் நல்ல சுகம்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. காலை எட்டு மணிக்கு ஹாங்கருக்குப் போனேன். பரீட்சைக் கடதாசியோடு டில்ஷானி நின்றாள், இப்போது தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். பக்கத்தில் பிரசாந். கை தோளுக்கு மேலே எழும்பாதபடியால் அவனைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் என்னைச் சோதிக்க அவனே கேட்டு வந்திருக்கிறான் என்று டில்ஷானி சொல்லித்தான் தெரியும்.

“மேலை போ. பிரேக் சோதனை. பம்பைப் போடு” என்றான்.

கொக்பிட்டில் இருந்தேன். சுவிட்சில் அட்டை இல்லை. கடதாசிகளைப் பார்த்தேன், எல்லாம் கையெழுத்தானவை. ஹெட்செட்டைப் போட்டு, “கீழே ஆள் இருக்கா?” என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். இரைச்சல் மட்டும். மூன்றாம் தரமும் கேட்டேன்.

பின்னால் டில்ஷானி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரத்துக்கும் புள்ளி உண்டு. நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படியால் இறங்கினேன். விமானத்தைச் சுற்றிப் போய்ச் சக்கரக் குழியடியில் குனிந்து பார்த்தேன்.

லொக் இல்லாத திறந்த கதவுக்கு வெளியே, ஆயுதப் பெட்டியின் மேல் பிரசாந் இருந்தான். ஹெட்செட் அவன் மடியில் கிடந்தது.

“ஏன் இறங்கி வந்தனி?”

“நீ பதில் சொல்லேல்லை.”

“பதில் இல்லாட்டி ஆள் இல்லை எண்டுதானே?”

“பதில் வராட்டி ஆள் இருக்கு எண்டுதான் நான் எடுப்பன்” என்றேன்.

அவன் ஹெட்செட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். டில்ஷானி கொண்டு வந்த படிவத்தை மடியில் வைத்து, தேறியதைக் குறிக்கும் ‘சித்தி’ என்ற இடத்தில் இடது கையால் கோடு போட்டான். வலது கையால் இப்போது எழுத வராது. படிவத்தின் அடியில், ஆறு மாதத்துக்கு என்னை மேற்பார்வை செய்பவரின் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. அதில் குழந்தைப் பிள்ளை எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். எழுதி முடிய நிறைய நேரம் எடுத்தது. நானும் டில்ஷானியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வேறை ஆரையும் போடலாமே பிரசாந்” என்றேன்.

“போடலாம். மன்னிச்சுப்போட்டன் எண்டு மட்டும் நினையாதை. அது வரேக்கை வரட்டும், வராட்டி வராது. ஆனால் இனி நீ மேலை இருக்கேக்கை கீழை ஒருத்தன் நிக்கிறதெண்டால், உன்னை நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்திலை நிக்கோணும். என்னைவிட ஆருக்கு உன்னைத் தெரியும்?”

வேலை நாளை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. ஆறேமுக்காலுக்கே வரச் சொல்லியிருக்கிறான். வான் அந்த நேரத்துக்கு இல்லை, நான் பஸ்ஸில் போவேன்.

மாக்ரெட்டின் அன்பையும் சேர்த்துக்கொள்.

உன் அண்ணா,
கிளைவ்